கட்டாத வீட்டின் முன்னறை

போன சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு நான் எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவருக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

சுவரில் சாய்ந்துகொண்டு அல்ல... சுவருக்குள். ஒரு பக்கம் ஷவர் தெரிகிறது. மறுபக்கம் சாப்பாட்டு மேசை தெரிகிறது. நடுவில் நான்.

“பிள்ளை, என்னை வெளியிலை எடும்!” என்று கத்தினேன்.

“போகவேண்டிய இடத்தைக் கையாலை காட்டி, ரெண்டு விரலாலை கிள்ளுங்கோ அங்கிள்” என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

எதைக் கிள்ளுவது? காற்றைத்தான். கிள்ளினேன். சாப்பாட்டறைத் தரை முழுவதும் ரோஸ் நிறமாக மாறியது. நான் சுவருக்குள்ளேயே இருந்தேன்.

பதற வேண்டாம். அந்த வீடு இன்னும் கட்டப்படவில்லை. கோண்டாவிலில் இருந்த எங்கள் பழைய வீட்டின் கூரை உக்கிப்போய், அது தானாக விழுவதற்கு முன் நாங்களே இடித்துவிட்டோம். இப்போது வாடகை வீட்டில் இருக்கிறோம். புது வீட்டுக்கு வரைபடம் போட்டுத் தந்த எஞ்சினியர் பிள்ளை தர்ஷிகா, “கல்லு வைக்க முதல் ஒருக்கால் உள்ளுக்கை நடந்து பாருங்கோ” என்று யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் தன் அலுவலகத்துக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

நடந்து பார்ப்பதென்றால், கண்ணை முழுதாக மூடுகிற ஒரு கறுப்புக் கண்ணாடியைத் தலையில் மாட்டிவிடுகிறார்கள். வி.ஆர். ஹெட்செட் என்று பெயர். மாட்டியதும் பலாலி வீதி பஸ்களின் ஹோர்ன் மட்டும் காதில் மிஞ்சும். மற்றபடி நாம் நிற்பது நம் வீட்டு வாசலில். மெனு, பட்டன் எல்லாம் முகத்துக்கு முன்னால் அந்தரத்தில் மிதக்கும். முதலில் நான் அதை நுளம்பு விரட்டுவது போல் விரட்டிப் பார்த்தேன்.

கொம்பியூட்டர் வந்த புதிதில் அதற்கு ஒன்று சொல்ல வேண்டுமென்றால் தட்டினோம். பிறகு போன் வந்தது, தடவினோம். இப்போது கிள்ளுகிறோம். அடுத்தது என்ன... காதைப் பிடித்துத் திருகுவதா?

நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். நான், என் மனைவி பவானி, என் அக்கா.

பவானிதான் முதலில் மாட்டினார். “வாசலிலை நிக்கிறியள் அன்ரி, உள்ளுக்கை போங்கோ” என்று தர்ஷிகா சொன்னதும், பவானி ஒரு கணமும் யோசிக்கவில்லை. காலை உதறினார். ஒரு செருப்பு மேசைக்குக் கீழே போனது. மற்றது தர்ஷிகாவின் பிரின்டரில் மோதியது. பிறகு வலது காலை எடுத்து, மிகக் கவனமாக, இல்லாத படியில் வைத்தார்.

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. என் முறை வந்தபோது பழைய வீட்டு நிலைக்குக் குனிகிற பழக்கத்தில், எட்டடி உயர வாசலுக்குள் தலையைக் குனிந்துகொண்டு போனேனாம். அதைப் பவானியும் தர்ஷிகாவும் இன்றுவரை யாருக்கெல்லாம் சொன்னார்கள் என்ற பட்டியல் நீளமானது.

பிறகு பவானி மறுபடி மாட்டிக்கொண்டபோது, அவருடைய தம்பி ரவி கனடாவில் இருந்து வந்து சேர்ந்தார். அவரிடமும் ஒரு ஹெட்செட் இருக்கிறது. வந்தார் என்றால் முழுதாக அல்ல. ஒரு தலை, ஒரு நெஞ்சு, இரண்டு கை. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. அப்படியே எங்கள் குசினிக்குள் மிதந்துகொண்டிருந்தார்.

“சாப்பிட்டியோடா?” என்று பவானி கேட்டார். வயிறே இல்லாத ஆளிடம்!

“ஓமக்கா. இஞ்சை பார், இந்தக் குசினிச் சுவரை எடுத்துவிடு. இப்ப எல்லாரும் ஓப்பின் கிச்சின்தான்.”

“நீ அங்கை ஓப்பினா வைச்சிரு. இஞ்சை நான் தூள் வறுக்கேக்கை ஹோலிலை இருக்கிற சனம் தும்மித் தும்மி ஓடுறதோ? எனக்குச் சுவர் வேணும்!”

பவானி கையை வீசிக் கதைக்கிறவர். எங்கள் ஊரில் யார்தான் கையைக் கட்டிக்கொண்டு கதைக்கிறோம்? “சுவர் வேணும்” என்று அவர் கையை வீசிய வீச்சில் விரல்கள் எதையோ கிள்ளிவிட்டன. சுவர் மறைந்தது. ரவி கை தட்டினார். இருக்கிற இரண்டு கையாலும்.

இந்த மெஷினைச் செய்தவர்கள் பேசும்போது கை அசையாத நாட்டுக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். சுவரை மீட்டுத் தர தர்ஷிகாவுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. ரவிக்கு அங்கே நித்திரைக்கு நேரமாகிவிட்டதால் தலை, நெஞ்சு, கை என்று உள்ளதெல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தது அக்கா.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தபால் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவர். கலியாணம் கட்டவில்லை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று மாற்றம் வந்த இடமெல்லாம் யாரோ ஒருவருடைய வீட்டில் ஓர் அறை எடுத்து இருந்தவர். பென்ஷன் எடுத்த பிறகு எங்களோடு இருக்கிறார். காணி பவானியின் சீதனக் காணி. இதை யாரும் அக்காவுக்குச் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் அக்கா அதை ஒரு நாளும் மறந்ததுமில்லை.

சோறா, பிட்டா? “எதெண்டாலும் சரி.” ஃபான் வேகத்தைக் கூட்டவா? “எனக்கு உதே காணும்” — போதுமாம். புது வீட்டில் எந்த அறை? “எனக்கென்ன, நான் எங்கையும் இருப்பன்.”

அவர் அப்படிச் சொன்னதை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். எவ்வளவு வசதி! பின்பக்கம், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இருந்த அறை அக்காவுக்கு. ரோட்டுப் பக்கத்து முன்னறை எனக்கு — பத்திரிகைக்கு இந்தப் பத்தி எழுதுகிற எழுத்து அறை. பெரிய ஜன்னல். ஜன்னலோடு மேசை. ரோட்டால் போகிறவர்கள் “ஐயா எழுதுறார்” என்று சைக்கிள் மணியை அடிக்காமல் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

“எனக்கேன் பிள்ளை உது?” என்று மறுத்த அக்காவுக்குப் பவானிதான் வற்புறுத்தி மாட்டிவிட்டார். அக்கா இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டார். கிள்ளவில்லை, வீசவில்லை. தர்ஷிகா கொம்பியூட்டரில் இருந்தபடியே அவரைப் பின்னறை வாசலுக்குக் கொண்டுபோய் விட்டார்.

“இதுதான் உங்கடை அறை அன்ரி.”

அக்கா நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார். “உள்ளுக்கை வரலாமோ?”

யாரிடம் கேட்டார்? அறையில் ஆளில்லை. அது அவருடைய அறை. நான் சிரிக்க வாயெடுத்தேன். பவானி என் கையைப் பிடித்து அழுத்தினார்.

இங்கே ஒரு விஷயம். கண்ணாடிக்குள் ஒருவர் எதைப் பார்க்கிறாரோ அது அப்படியே சுவரில் மாட்டிய பெரிய ரீவியில் ஓடும். மற்றவர்களும் பார்க்கத்தான் அந்த ஏற்பாடு. அக்காவுக்கு அது தெரியாது. எங்கள் முறைகளின்போது அவர் வாசலோரக் கதிரையில், ரீவிக்கு முதுகு காட்டி, வெளியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல அறை” என்றார் அக்கா. ரீவியில் படம் கட்டிலைத் தாண்டி நேரே ஜன்னலுக்குப் போனது. ஜன்னலுக்கு வெளியே மதில். “காத்து வரும்.” படம் இடது பக்கம் திரும்பியது. சுவர். “எனக்கு இவ்வளவு காணும்.” வலது பக்கம். அலுமாரி. மறுபடி ஜன்னல். மறுபடி மதில். “வடிவாத்தான் இருக்கு.” படம் பின்னால் திரும்பி, நீளமான நடையின் அந்தத்தில் தெரிந்த வெளிச்சத்தில் போய் நின்றது.

அந்த வெளிச்சம் முன்னறையினுடையது.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவருடைய கடிதத்தை உடைத்துப் படிப்பதுபோல... அதுவும் தபால் கந்தோரில் இருந்தவருடைய கடிதத்தை. ‘ரீவியில் தெரிகிறது அக்கா’ என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. நானும்தான்.

கோத்திருந்த கை அப்போதுதான் பிரிந்தது. அக்கா அந்த வெளிச்சத்தைக் காட்டி, இரண்டு விரலால் கிள்ளினார். முதல் கிள்ளிலேயே முன்னறை ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றார். முப்பத்திரண்டு வருடம் முத்திரை கிழித்த விரல்கள் அல்லவா!

ஜன்னலுக்கு வெளியே தர்ஷிகாவின் கொம்பியூட்டர் ஒரு ரோட்டைப் போட்டிருந்தது. அந்த ரோட்டால் ஒரு வெள்ளைக்காரன் நாயோடு போனான். புரோகிராமோடு ரெடிமேட்டாக வருகிற ஆள். போனவன் திரும்பவும் போனான்.

“ஆர் உவன்?” என்றார் அக்கா. குரலில் ஒரு புதுத் தெம்பு. “எங்கடை ஒழுங்கையாலை நாயைக் கொண்டு போறான்... இந்தா, திரும்பவும் போறான். மூண்டாந்தரம்! வேலை வெட்டி இல்லாதவன் போலை.”

சிரித்தார். அக்கா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கண்டு வருடக் கணக்காகிறது. தபால் கந்தோரில் அவர் இருந்தது ஜன்னல் கவுண்டர். யார் வருகிறார், யாருக்குக் காசுக்கட்டளை வரவில்லை, யாருடைய முகம் வாடியிருக்கிறது என்று பார்த்துப் பழகிய கண். அந்தக் கண்ணைத்தான் நாங்கள் மதிலைப் பார்க்க இருத்தத் திட்டம் போட்டிருந்தோம்.

ஏழாவது தரம் நாய்க்காரன் போன பிறகு அக்கா சொன்னார். “வடிவான அறை. தம்பிக்கு எழுத நல்லா இருக்கும்.”

பவானி தர்ஷிகாவின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, மச்சாளின்ரை அறைக்கு ரோட்டுப் பக்கம் ஜன்னல் வைக்கேலாதோ?” என்றார் பவானி.

“பின்னறைக்கு எப்பிடி அன்ரி? ரோட்டுப் பக்கம் இருக்கிறது ஒரு அறைதான்.”

மூன்று தலைகள் என் பக்கம் திரும்பின. கண்ணாடி மாட்டியிருந்த ஒன்றுக்கு என்னைத் தெரியவே தெரியாது. அதுவும் திரும்பியது.

“எழுதிறதுக்கு வெளிச்சம் வேணும்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“நீங்கள் எழுதிறது விடியக்காலமை நாலு மணிக்கு, லைற் போட்டு” என்றார் பவானி. “பகலிலை அந்த மேசையிலை நித்திரைதானே கொள்ளுறியள்.”

அக்கா பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினார். ரீவியைக் கண்டார். அதில் ஜன்னலும், நாய்க்காரனும்.

“உதிலை... நான் பாத்ததெல்லாம் தெரிஞ்சதோ?”

“ஓமக்கா.”

“துவக்கத்திலை இருந்தோ?”

“ஓம்.”

அக்காவுக்குக் கோபம் வந்தது. உண்மையான கோபம். “உது கள்ளக் கண்ணாடி. ஒரு மனிசி எதைப் பாக்கிறாள் எண்டு உப்பிடிப் போட்டுக் காட்டுறதோ? நான் ஒண்டும் கேக்கேல்லை. கேட்டனானோ தம்பி?”

“இல்லை அக்கா. நீ கேக்கேல்லை” என்றேன். “நான்தான் கேட்டிருக்கோணும்.”

அக்காவின் கண் கலங்கியது. “மச்சாளின்ரை காணியிலை நான் முன்னறையிலை இருக்கிறதோ? போற வாற சனம் என்ன சொல்லும்?”

“ஜன்னலாலை எட்டி நீங்களே அவையைக் கேளுங்கோ மச்சாள்” என்றார் பவானி. “இனி உங்களுக்கு அதுதானே வேலை.”

நம்முடைய வழக்கம் தெரியும்தானே? பசி வயிற்றோடு ஒரு வீட்டுக்குப் போவோம். “சாப்பிட்டியளோ?” என்பார்கள். “ஓம், இப்பத்தான்” என்போம். கேட்கிறவருக்கும் அது பொய் என்று தெரியும். கேட்க வேண்டியது மூன்றாவது தரம். முதல் இரண்டு தரமும் மரியாதைக்கு. நான் அக்காவிடம் ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவன். மனிதன் தன் விருப்பத்தை மெஷினுக்கு எப்படிச் சொல்வது என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி செய்கிறார்களாம். எங்கள் வீட்டில் கூடப்பிறந்தவனுக்கே ஒரு மெஷின் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி போனோம். வரைபடம் மாறிவிட்டது. முன்னறை அக்காவுக்கு. பின்னறை நெல் மூட்டைக்கும் தேங்காய்க்கும். எனக்கு முன்னறைக்கு அடுத்ததாக, எட்டடிக்கு ஆறடியில் ஒரு சின்ன அறை.

அக்கா ரீவியை நிற்பாட்டச் சொன்னார். நிற்பாட்டினோம். மாட்டினார். “சாமானைக் கையாலை பிடிச்சு நகர்த்தலாம் அன்ரி” என்றார் தர்ஷிகா.

அக்கா தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அக்காவின் முகத்தில் பாதி அந்தக் கறுப்புப் பெட்டிக்குள். வழக்கம் போல ‘இது காணும்’ என்று சொல்லிக் கழற்றி வைத்துவிடுவாரோ?

“பிள்ளை...”

“சொல்லுங்கோ அன்ரி.”

“இந்தக் கட்டிலைக் கொஞ்சம் ஜன்னலோடை தள்ளலாமோ?”

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அதுதான். பவானி மூக்கைச் சிந்தினார். நான் வெளியே பஸ்ஸைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

கட்டில் போனது. பிறகு மேசை. பிறகு அலுமாரி இந்தப் பக்கம், கதிரை அந்தப் பக்கம். அக்காவின் கைகள் காற்றில் ஓயவேயில்லை. கடைசியாக இரண்டு உள்ளங்கையையும் விரித்து முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார்.

“பிள்ளை, இந்தச் சுவரையும் ஒரு ரெண்டடி அங்காலை தள்ளலாமோ?”

அங்காலை என்பது என் அறை. தர்ஷிகா என்னைப் பார்த்தார்.

“தள்ளட்டும் பிள்ளை” என்றேன்.

இனி என் அறையில் மேசை வைத்தால் கதிரைக்கு இடமில்லை. நின்றுகொண்டு எழுதுவதாக உத்தேசம் — இந்தப் பத்தி சுருங்கும், வாசிக்கிற உங்களுக்கும் நல்லது!