உட்காருங்க, ஒண்ணு சொல்றேன்

அப்பாவின் முதலாண்டு நினைவில் எங்களோடு கூடியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! இந்த நினைவு மலரில் பெரியப்பா எனக்கு ஒரு பக்கம்தான் தந்திருக்கிறார். ஆகவே முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டு மது அருந்தியதில்லை. உங்களில் சிலர் இன்னும் வேறு மாதிரி நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அப்பா கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்தவர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. கிள்ளானில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். எழுபதுகளில் அம்மாவை மணந்தார். பகலில் திடீரென்று கண் சொக்கும். துணியை அளந்துகொண்டிருக்கும்போதே தூங்கிப்போவார். இன்னொன்றும் உண்டு. வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கும், நாக்குக் குழறும், அப்படியே சரிந்து விழுவார். ஒரே நிமிடத்தில் எழுந்தும் விடுவார். பார்ப்பவர்களுக்கு என்ன தோன்றும்? கடை முதலாளிக்கும் அதுதான் தோன்றியது. குடிகாரன் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்.

அம்மாவோ வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும். அவருக்கு இப்படி ஒரு கணவர்! திட்டினால் நிற்கிறார், சிரித்தால்தான் விழுகிறார் என்பதைக் கல்யாணமான மூன்றாம் மாதமே அம்மா கண்டுபிடித்துவிட்டார். அன்று முதல் வீட்டில் ஒரு சட்டம். எந்த வேடிக்கைக்கும் முன்னால், “உட்காருங்க, ஒண்ணு சொல்றேன்.” அப்பா உட்கார்ந்த பிறகுதான் கதை. பிரிக்பீல்ட்ஸில் பாதிக் கடையை வாடகைக்கு எடுத்து இருவரும் தையல் வேலை தொடங்கியதும் இதற்காகத்தான். தையல்காரர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கலாமே!

பெரியப்பா மகளின் கல்யாணத்தில் அம்மா அந்தச் சட்டத்தை மறந்தார். அப்போது எனக்கு எட்டு வயது. மண்டப வாசலில் மாப்பிள்ளை தம் புதுச் சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, மாப்ள சப்பாத்து தேடறாரு பாருங்க. அது உங்க அண்ணன் கால்ல இருக்கு லா!”

அப்பா சிரித்தார். விழுந்தார். பெரியப்பா அதே சப்பாத்தோடு ஓடி வந்தார்.

“இன்னிக்குமாடா? என் மக கல்யாணத்துலயுமா?”

“காலையிலேயே ஏத்திட்டாரு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“மாமா, குனிஞ்சு அவரு வாயை மோந்து பாருங்க,” என்றார் அம்மா.

“விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அதுக்குத்தானே சொல்றேன்.”

பெரியப்பா மண்டியிட்டு மோந்து பார்த்தார். “காப்பிதான்…” என்றார்.

விழுந்து கிடக்கும்போது அப்பாவுக்கு எல்லாம் கேட்கும். வாய் மட்டும்தான் வராது. அத்தனை ஆண்டுகள் மற்றவர்கள் அவர் தலைக்கு மேல் நின்று பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் கிடந்தார். அன்றும் கேட்டார். எழ முயன்றவர், மூக்குக்கு நேரே மாப்பிள்ளையின் சப்பாத்தைப் பார்த்ததும் மறுபடி சிரித்து, மறுபடி சரிந்தார்!

அடுத்த வாரமே பெரியப்பா தம் காரில் அப்பாவைக் கோலாலம்பூர்ப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மருத்துவர் சொன்ன பெயர் நார்கொலெப்சி. மூளை, தூக்கத்தையும் விழிப்பையும் சரியாகப் பிரித்து வைக்காததால் வரும் நோய். பேயும் இல்லை, போதையும் இல்லை. மாத்திரை ஓரளவு உதவியது. மீதியை அம்மாவின் நாற்காலி பார்த்துக்கொண்டது.

அப்பா தூங்கி எழும்வரை இரவிக்கைக்காகக் காத்திருந்த வாடிக்கையாளர்களுக்கும், பேச்சைத் தொடங்குமுன் அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்ட அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெரியப்பாவுக்குத் தனி நன்றி. மேலே சொன்னதையெல்லாம் வெட்டிவிடுவாரோ என்று பயந்தேன். “விடாம எழுது, பேரு மட்டும் போடாத,” என்றார்.

இதயம் பலவீனமாகி அப்பா மருத்துவமனையில் இருந்த கடைசி வாரத்தில் பெரியப்பா பார்க்க வந்தார். அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்ப படுத்துத்தானே இருக்கீங்க, பயமில்லாம சொல்லலாம்,” என்று சப்பாத்துக் கதையை ஆரம்பித்தார். அப்பாவின் தாடை தளர்ந்தது, தலை சாய்ந்தது. தாதி பதறி ஓடி வந்தார்.

“ஒண்ணுமில்ல மிஸ்ஸி,” என்றார் பெரியப்பா. “என் தம்பி சிரிக்கிறான்.”