என் எலும்புகளை உடைத்தது யார்?

தவக்காலம் தொடங்கிய வாரம் அது. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் எங்கள் வீட்டுச் சமையலறையில் சாதம் வெந்த குக்கரை இறக்கினேன். கையில் மளுக்கென்றது. வலி வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம்தான் வந்தது. இன்றும் அது என்னை விட்டுப் போகவில்லை.

எனக்கு வயது நாற்பத்தொன்று. தென்னூரில் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். அன்று நான் விழவில்லை, எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் முன்கை எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்த கொஞ்ச நாளில், ஸ்கூலிலிருந்து ஓடி வந்த மகள் ஷெரின் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விலா எலும்பு போனது. அதன் பிறகு அவள் என் பக்கத்தில் வரவே இல்லை. கதவோரம் நின்று, "அம்மா, வலிக்குதா?" என்று மட்டும் கேட்பாள்.

அந்த இரண்டாம் முறை மருத்துவமனையில் நர்ஸ் என் கணவர் மார்ட்டினை வெளியே அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, பயப்படாம சொல்லுங்க. வீட்ல அடிக்கிறாரா?"

"ஐயோ, இல்லங்க!"

அவர் நம்பவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் நின்ற மார்ட்டினுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. என் மேல் ஒருநாளும் கை ஓங்காத மனிதர். வீடு திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து என்னைத் தொடவே பயந்தார். எனக்கு அடுத்தடுத்து எலும்பு முறிந்த பேச்சு பரவி, பூசைக்குப் போனால் சிலர் அவரைப் பார்க்கும் பார்வையும் மாறியிருந்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கிழவிக்கு இருக்கும் எலும்பு என்றார்கள். கால்சியம் மாத்திரை கொடுத்தார்கள். எனக்கோ தீராத தாகம், எழ முடியாத சோர்வு. குனிந்தாலும், புரண்டு படுத்தாலும், அடுத்த சத்தம் எங்கிருந்து வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். என் உடம்புக்குள் எனக்குத் தெரியாத யாரோ குடியிருப்பதைப் போல இருந்தது.

அடுத்த வருடத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு கோயிலில் தனியாக இருந்தேன். முழந்தாளிடப் பயம். பெஞ்சில் உட்கார்ந்தே அழுதேன். "ஆண்டவரே, குணமாக்குங்கன்னு கேக்கக்கூட தெம்பில்ல. எனக்குள்ள என்ன நடக்குதுன்னு மட்டும் காட்டுங்க."

பதில் வலியாக வந்தது. அடுத்த வாரமே முதுகுப் பக்கம் பிடுங்கி எடுக்கும் வலி. கைவிட்டுவிட்டாரே என்றுதான் நினைத்தேன். மார்ட்டின் ஆட்டோவில் தில்லை நகர் கிளினிக்குக்கு அழைத்துப் போனார். சிறுநீரகத்தில் கல். அங்கிருந்த டாக்டரம்மா என் பழைய எக்ஸ்ரேக்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"கல்லும் வருது, எலும்பும் ஒடையுது. ரெண்டையும் சேத்து யாராவது பாத்தாங்களாம்மா?"

"இல்லங்க டாக்டர்."

ரத்தம் எடுத்தார்கள். எலும்பில் இருக்க வேண்டிய கால்சியம் ரத்தத்தில் அளவுக்கு மீறி இருந்தது. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டாம். அதில் ஒன்றில் கட்டி. புற்றுநோய் இல்லை. ஆனால் அது ஓயாமல் சுரந்து என் எலும்பைக் கரைத்துக்கொண்டிருந்தது. கரைந்த கால்சியம்தான் சிறுநீரகத்தில் கல்லாகியிருந்தது.

டாக்டரம்மா மார்ட்டினைப் பார்த்து, "சார், இவங்க எலும்ப ஒடச்சது இந்தக் கட்டிதான்" என்றார்.

மார்ட்டின் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

கட்டியை எடுத்தார்கள். மறுநாள் உதடும் விரல் நுனியும் மரத்துப்போய்க் கூசின. பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டேன். "பயப்படாதீங்க. பட்டினி கெடந்த எலும்பு இப்ப கால்சியத்த வாரி எடுத்துக்குது" என்று சொல்லி மருந்து ஏற்றினார்கள். படுத்தபடியே மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

இப்போது எலும்பு மெல்லத் தேறி வருகிறது. பயம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். எங்காவது சுள்ளி முறிந்தாலும் மூச்சு நின்றுவிடும். அந்த நேரங்களில், கேட்ட எனக்குக் காட்டிய ஆண்டவரை நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் பக்கத்துக் குடியிருப்பு லூர்து அக்காவுக்குத் தும்மியதில் முதுகெலும்பு நசுங்கிவிட்டது. "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். நான் விடவில்லை. "ஏன்னு கேப்போம்க்கா. ஆண்டவர்கிட்டயும் கேப்போம், டாக்டர்கிட்டயும் கேப்போம்." இருவரும் கையைக் கோத்துச் செபித்தோம். பிறகு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

இதைப் படிக்கும் நீங்களும் இருட்டில் தனியாகப் பயந்துகொண்டிருக்க வேண்டாம். கேளுங்கள். அவர் காட்டுவார்.