கூடிய விலையும் சராசரி விலையும்

ஏலக்காய் ஏலம் முடிந்ததும், அன்றைய இரண்டு விலைகளை விவசாயிகளின் கைபேசிக்கு அனுப்புவது என் வேலை. ஒன்று கூடிய விலை. அன்று ஏலத்துக்கு வந்த குவியல்களில் எந்த லாட் அதிகத்துக்குப் போனதோ அதன் விலை. இன்னொன்று சராசரி விலை. எங்கள் ஏலப்பாறைப் பக்கம் டீக்கடையில், ஜீப்பில், சர்ச் வாசலில், எங்கே கேட்டாலும் முதல் விலையைத்தான் சொல்வார்கள். தன் காய் அதில் பாதிக்குப் போயிருந்தாலும், கூடிய விலையைச் சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார்கள். இரண்டாவது விலையை யாருக்காக அனுப்புகிறேன் என்று எனக்கே எரிச்சலாக வரும்.

இதே ஆட்கள்தான் கிரிப்டோ விஷயத்தில் என்னைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சில வருஷங்களாகப் பிட்காயின் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிவந்தேன். அது நன்றாக ஏறியிருந்தபோது அண்ணனிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அண்ணன் ஜீப் ஓட்டுகிறவன். அவன் வண்டியில் ஏறி இறங்கிய அத்தனை பேருக்கும் என் லாபம் தெரிந்துபோயிற்று.

அந்தச் சமயம் பார்த்து அம்மா எஸ்டேட்டில் ரிட்டையர் ஆனாள். ஆயுசு முழுக்கக் கொழுந்து எடுத்ததற்குக் கிராஜுவிட்டி வந்தது. அதைக் கையில் வாங்கினால் எஸ்டேட் லயத்து வீட்டை விட்டு இறங்க வேண்டும். நாங்கள் பிறந்து வளர்ந்த வீடுதான், ஆனால் அதில் ஒரு செங்கல்கூட எங்களுடையது இல்லை. மழைக்கு முன்னால் சாவியை ஒப்படைக்கச் சொல்லி ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ரோட்டுக்கு மேலே மூன்று சென்ட் நிலமும் அரைகுறையாக நின்ற ஒரு வீடும் விலைக்கு வந்திருந்தன. அம்மாவின் பணம் அதற்குச் சரியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அண்ணன் ஆரம்பித்தான்.

"எம்மா, அந்தத் துட்டத் தங்கச்சி கையில குடு. ஒரு வருசம் காயின்ல கெடக்கட்டும். அதுவரைக்கும் வாடகைக்கு இருந்துக்கிடுவோம். பொறவு மாடி வச்சே கெட்டலாம்."

அவன் சொன்னது நான் வைத்திருந்த காயினையும் இல்லை. அந்த வருஷம் தலைகால் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த ஏதோ ஒரு குட்டி காயின். அவன் வருமானம் ஜீப் தவணைக்கே போதாது. வாடகை எங்கிருந்து வரும் என்று அவன் சொல்லவில்லை. கூட வந்திருந்த தாய்மாமா, ரொம்பச் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

"மாட்டேன்" என்றேன்.

"ஏன்? ஒனக்கு மட்டும் லாவம் வேணும், அம்மாவுக்கு வேண்டாமோ?"

உடம்பெல்லாம் எரிந்தது. லாபம் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறவர்கள் பாதிக் கேள்விதான் கேட்கிறார்கள். அதற்காக எவ்வளவு ஆட்டத்தைத் தாங்கினோம் என்பது மறுபாதி. நான் அதைப் போட்டுப் பார்த்திருந்தேன். வங்கி டெபாசிட்டில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருந்தால் என்ன வட்டி வந்திருக்குமோ, அதை முதலில் லாபத்திலிருந்து கழிக்க வேண்டும். மிச்சத்தை, மாதாமாதம் விலை ஆடிய ஆட்டத்தின் அளவால் வகுக்க வேண்டும். வருகிற எண் பெரிதாக இருந்தால் பட்ட பாட்டுக்குக் கூலி கிடைத்தது என்று அர்த்தம். விலை ஏறியதற்காக யாரும் அழுவதில்லை. அதனால் இறங்கிய மாதங்களை மட்டும் வைத்தும் வகுத்துப் பார்ப்பேன். இரண்டு விதத்திலும் பிட்காயின் ஏதோ தேறியது. அண்ணன் ஆசைப்பட்ட குட்டி காயின் எல்லாவற்றையும்விட அதிகம் ஏறியிருந்தது, வகுத்துப் பார்த்தால் கடைசியில் நின்றது.

இதை அவனுக்கு எப்படிச் சொல்வது? "நூறு ரூவா முப்பதாப் போச்சுன்னா எத்தன சதவீதம் எறக்கம்?" என்று கேட்டேன்.

"எழுவது."

"அந்த முப்பது திரும்ப எழுவது சதவீதம் ஏறுனா?"

"பழைய நூறுதான்."

"அம்பத்தொண்ணு."

கைபேசியில் தட்டிப் பார்த்தான். "ஸ்கூல் கணக்கெல்லாம் எங்கிட்ட சொல்லாத" என்றான். மாமா, "பொம்பளப் பிள்ளைக்குப் பயம் சாஸ்தி" என்று சிரித்தார்.

பயமா எனக்கு? அம்மாவைப் பார்த்துச் சொன்னேன்: "ஒங்க முட்டிக்கு ஆப்ரேசன் பண்ணுன சமயம் என் கழுத்துல செயின் இல்லன்னு கேட்டீயளே, அத்துப்போச்சு, பத்த வைக்கக் குடுத்திருக்கேன்னு சொன்னேன். அடகு வச்சிருந்தேன். அப்ப என் காயின் போட்டதுல முக்காவாசி போயிக் கெடந்துது. வித்தா அந்தக் காவாசிதான் கையில வரும். செயின் இருந்துது, அதனால காயின விக்காமக் காத்துக் கெடந்தேன். மூணு மடங்குன்னு இவன் ஊரெல்லாம் சொல்லுத லாவம் அந்தக் காத்துக் கெடந்ததுக்கு வந்தது. நீங்க எத அடகு வச்சுக் காத்துக் கெடப்பீய?"

எந்த எண் எவ்வளவு பெரிதாக வந்தாலும், நாங்கள் சாவி கொடுக்க வேண்டிய நாள் அந்த எண்ணுக்குத் தெரியாது. அதைத்தான் நான் சொல்ல நினைத்தேன். அம்மா தன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அரிசி களைந்து உலையில் போட்டாள். அந்த வாரமே மூன்று சென்ட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருப்பேன். ஆனால் காயின் விழவில்லை. நாங்கள் குடிபோன பிறகு அந்தக் குட்டி காயினும் ஏறியது, பிட்காயினும் ஏறியது. அண்ணன் ஒவ்வொரு உச்சத்தையும் எனக்குத் தவறாமல் அனுப்பினான். "மாடி போச்சு" என்று ஒரு வரியும் சேர்ப்பான். லயத்துப் பெண்கள்கூட வழியில் பார்த்தால், "நீ சும்மா இருந்திருந்தா எம்புட்டு ஆயிருக்கும்" என்று உச்சுக் கொட்டினார்கள். ஏறியதால் என் முடிவு தப்பாகிவிடுமா? ஆகாது. முடிவெடுத்த அன்று கையில் இருந்தது ஒரே ஒரு வீட்டுக்கான பணம். அதை வைத்துத்தான் என்னை எடைபோட வேண்டும். இன்று கேட்டாலும் மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

போன மழைக்கு ரோட்டில் மண் சரிந்து, அண்ணன் ஜீப்பை நிறுத்திவிட்டு வீட்டிலேயே கிடந்தான். கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் தின்றுகொண்டே அம்மாவிடம் அன்றைய காயின் விலையைச் சொன்னான்.

"அது கூடின வெல" என்றாள் அம்மா. "எறங்குன நாளு நா எங்க கெடந்திருப்பேன்? அதச் சொல்லு."

அவன் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். மேலே தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

என் காயின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஏறட்டும், விழட்டும். அந்தக் கூரையின் தகரம் ஒன்றுகூட அதை நம்பி நிற்கவில்லை.