மேகத்துக்குள் எழுதியது

என் மகளுக்கு எட்டு வயது. ஆட்டிசம் உள்ளவள். எங்கள் வீடு கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. பௌர்ணமி வந்தால் போலீஸ் சாலையை அடைத்துவிடும். அவளுடைய பள்ளி வேன் ஊரைச் சுற்றிக்கொண்டு தாமதமாக வரும். வழி மாறியதும் வீறிடுவாள், தலையை ஜன்னல் கண்ணாடியில் இடித்துக்கொள்வாள். ஒரு பௌர்ணமியன்று நெற்றி வீங்கி இறங்கினாள்.

"பார்க்கவே கஷ்டமா இருக்குங்க. இனிமே பௌர்ணமிக்கு லீவு போட்டுடுங்க" என்றார் வேன் ஓட்டுநர்.

போடலாம். ஆனால் ஏன் இடித்துக்கொள்கிறாள் என்றே தெரியாமல் எத்தனை பௌர்ணமிக்கு ஒளிந்துகொள்வது?

அவளுடைய டீச்சர் ஒரு வழி சொன்னார். "நடந்தத காமிக்ஸ் மாதிரி கட்டம் கட்டமா வரைங்க. வாயால பேசறது பலூன்ல, மனசுல நினைக்கறது மேகத்துல. அவ மேகத்த காலியா விடுங்க, அவளே எழுதட்டும். அடுத்தவங்க மனசு மட்டும் கேக்காதீங்க, அது இவங்களுக்குப் புரியறது கஷ்டம்."

எனக்கும் ஓவியத்துக்கும் ஏழாம் பொருத்தம். நான் வரைந்த வேன் இட்லிக் குண்டான் போல இருந்தது. முதல் கட்டத்தில் அடைத்த சாலை. அடுத்ததில் வேறு வழியில் போகும் வேன், ஜன்னலில் அவள், தலைக்கு மேல் காலி மேகம். மூன்றாவதில் வீட்டு கேட்டில் காத்து நிற்கும் நான். 'பயம்' என்று எழுதுவாள், தேற்றலாம் என்று தயாராக உட்கார்ந்திருந்தேன்.

தன் மேகத்தை அவள் தொடவே இல்லை. பென்சிலைப் பிடுங்கி, கேட்டில் நின்ற என் தலைக்கு மேல் புதிதாக ஒரு மேகம் போட்டாள். உள்ளே எழுதினாள்: 'பாப்பா எங்க? பாப்பா காணோம்.' பிறகு என் கண்ணிலிருந்து தரை வரைக்கும் கண்ணீர்ப் புள்ளிகள் வைத்தாள்.

நான் தேடுவேனே என்றுதான் அந்தத் தலை கண்ணாடியில் மோதியிருக்கிறது. என் முகத்தை நேராகப் பார்க்காத குழந்தை இத்தனை நாளும் என் மனதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மலையில் தீபம் ஏறும்போதுகூட நான் அப்படி வியந்ததில்லை.

நான்காவது கட்டம் வரைந்தேன். அதே கேட், என் மேகத்தில் 'பாப்பா லேட்டா வருவா. அம்மாவுக்குத் தெரியும்.' அதை விரலால் தடவித் தடவிப் படித்தாள்.

அடுத்த பௌர்ணமி காலையில், வேனில் பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தத் தாளை அவள் பையில் வைத்தேன். ஏறும் முன் அதை எடுத்து என் கையில் திணித்தாள்.

"அம்மா பாரு. அம்மா அழக்கூடாது."

மாலையில் வேன் தாமதமாகத்தான் வந்தது. சத்தமில்லாமல் இறங்கினாள், நெற்றியில் காயம் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்காமல் அழுதது நான்தான்.