அப்பாவின் கையில் நெக்ரோஅமாரோ

ஹனோவரில் எங்கள் அகதி விடுதிக்குப் பின்தெருவில் ஓர் இத்தாலியரின் பழக்கடை இருந்தது. வாங்கப் போவதைவிட அவர் சொல்லும் பெயர்களைக் கேட்கத்தான் நான் அதிகம் போனேன். எந்தப் பழத்தையும் ஊரோடு சேர்த்துத்தான் சொல்வார். சிசிலிப் பழம் என்று ஒருநாள் அவர் பெருமையாக நீட்டியது எங்கள் ஊர் வேலியோரத்து நாகதாளிக் கள்ளிப் பழம். இதையா லொறியில் ஏற்றி வருகிறார்கள் என்று அம்மா ஒரு கிழமை முழுக்கச் சிரித்தார்.

புரட்டாதியில் அவருக்குத் திராட்சை பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். விற்க அல்ல, நிலவறையில் வைன் போட. பார்பெராத் திராட்சை இத்தாலியின் வடக்கே விளைவது, நெக்ரோஅமாரோ தெற்கே அவருடைய சொந்த ஊரில் விளைவது என்று எனக்கு மனப்பாடம். அந்த வருடம் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் காம்பு ஆய்ந்து பழம் நசிக்க அப்பாவைக் கூப்பிட்டார்.

அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராதவர்கள் வேலை செய்யக்கூடாது. பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று விடுதியில் எல்லோரும் சொன்னார்கள். எட்டு வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்த பாடம் அதுதான். ஆனாலும் அப்பா போனார். சும்மா இருந்து இருந்து அவருக்கு விசர் பிடித்துவிடும் போலிருந்தது.

பின்னேரம் திரும்பி வந்தபோது இரண்டு கையும் மணிக்கட்டு வரை கருஞ்சிவப்பு. மறுநாள் காலை வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், குறித்த நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். அம்மா சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார், கறை நீலமாகியது. புளி போட்டுத் தேய்த்தார், மறுபடி சிவந்தது.

கையைப் பொக்கற்றுக்குள் வைத்திருக்கும்படி அம்மா சொன்னார்.

“கையெழுத்தை என்ன, காலாலையே போடுறது?” என்றார் அப்பா.

அம்மா என்னைத் துருக்கிக் கடைக்கு அனுப்பி மருதாணிப் பொடி வாங்குவித்தார். குழைத்து, மூன்று பேருடைய கைகளிலும் அப்பினார். “நவராத்திரிக்கு வைச்சது எண்டு சொல்லுவம்” என்றார். எங்கள் ஆட்களில் எந்த ஆண் நவராத்திரிக்கு மருதாணி வைத்தான்? அப்பாவோ கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அப்பா பேனையைத் தொட்டதுமே அலுவலகப் பெண் கையைக் கவனித்துவிட்டார். அம்மா சொல்லச் சொல்ல, மொழிபெயர்க்க வந்த அண்ணை ஜெர்மனில் சொன்னார். அவரும் எங்களைப்போல யாழ்ப்பாணம்தான். அந்தப் பெண் எங்கள் மூன்று பேர் கைகளையும் பார்த்தார். பிறகு எங்களை விட்டுவிட்டு அந்த அண்ணையிடமே திரும்பி, உங்கள் ஆட்களில் ஆண்களும் இப்படி வைப்பார்களா என்று கேட்டார். பள்ளிக்கூட ஜெர்மன் எனக்குப் போதுமாயிருந்தது.

அண்ணை அப்பாவின் கைகளைப் பார்த்தார். மருதாணி போய்ச் சேராத நகக்கண்களில் நெக்ரோஅமாரோ கறுப்பாக இருந்தது. திருவிழா நாளில் வீட்டில் எல்லோரும் வைப்பதுதான் வழக்கம் என்று ஜெர்மனில் சொன்னார். அது பிழை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

அப்பா கையெழுத்திட்டார். வெளியே வந்ததும், “அந்த அண்ணைக்கு எங்கட வழக்கம் ஒண்டுமே தெரியாது” என்றேன். ஊரில் வளர்ந்தும் இப்படியா என்று எனக்கு இளக்காரம்.

“ஓம் பிள்ளை, தெரியாதுதான்” என்றார் அப்பா. அந்த மனுசனுக்கு ஒரு பெட்டி திராட்சைப்பழம் கொடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார்.

ஒன்றும் தெரியாத ஒருவருக்கு எதற்குப் பழம் என்று விடுதி வரைக்கும் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த அண்ணையின் விசாவையும் அதே அலுவலகத்தில்தான் புதுப்பிக்க வேண்டும் என்பதை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.