விடுமுறையிலும் வகுப்புப் பிரதிநிதி

வகுப்புப் பிரதிநிதி என்பது, பேசத் தெரிந்தவர் என்று தேர்ந்தெடுத்துவிட்டு, வருஷம் முழுக்கக் கேட்க மட்டுமே வைக்கிற வேலை. எங்கேயாவது ஒருமுறை அதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில், கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் அரசியல் துறையில் மூன்று வருஷம் நான் அந்த வேலை பார்த்தேன். என் வீடு கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். விடுமுறை விட்டதும் தப்பித்தோம் என்று பஸ் ஏறுவேன். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும்போது தூக்கமும் பனிமூட்டமும் சேர்ந்து கண்ணைச் செருகும். படித்ததெல்லாம் யாரோ கண்ட கனவுபோலக் கீழேயே நின்றுவிடும். கூடப் படிப்பவர்களின் கஷ்டம் மட்டும் எப்படியோ பின்னாலேயே ஏறி வந்துவிடும்.

கை தூக்கியது

முதல் வகுப்பு. குளிரிலேயே வளர்ந்தவள் நான். அதனால் தலைக்கு மேல் அந்த வேகத்தில் சுற்றும் காற்றாடியைப் பார்த்தது அன்றுதான். அதைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம் என்று கை தூக்கினேன். அதற்கு முன்னால் விரிவுரையாளர் என்ன கேட்டார் என்பது என் காதில் விழவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று காற்றாடியைக் காட்டினேன்.

அவர் பதிவேட்டில் என் பெயரை எழுதிக்கொண்டே சொன்னார்: "பிரதிநிதி ஆன முதல் நிமிஷமே கோரிக்கையா? பரவாயில்லை, உட்காரம்மா."

முப்பது கேள்விகள்

இரண்டாம் வருஷம், மக்களையும் அரசாங்கத்தையும் பற்றிக் கேட்டு எழுத ஆறு மாணவர்கள் எங்கள் தோட்டத்துக்கு வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். அதில் யூசோப், கிளந்தான் கடற்கரைக்காரன். முப்பது கேள்வி வைத்திருந்தான். அதை நிரப்பாமல் போனால் அந்தப் பாடமே போச்சு என்று முதல் நாளே என்னிடம் புலம்பினான். மறுநாள் காலை கொழுந்து மலைக்கு அழைத்துப் போனேன். மூட்டம் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. கடல் இங்கே வந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு, பேனாவை மறந்து நின்றான்.

நான்தான் உலுக்கி, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அஞ்சலை அத்தை முன்னால் நிறுத்தினேன். அவன் மலாயில் கேட்டதைத் தமிழில் சொன்னேன்: அரசாங்கம் உங்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருப்பதாக நினைக்கிறீர்கள்? அத்தை கையை நிறுத்தாமல் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அவர் சொன்னதை யூசோப் அப்படியே எழுதிக்கொண்டான். மீதிக் கேள்விகளைக் கேட்கவே இல்லை. அன்று மத்தியானம் வரை அவர் பக்கத்தில் நின்று கொழுந்து பறித்தான். அந்த ஒரே பதிலை வைத்து எழுதிய கட்டுரை தேறிவிட்டது.

அத்தை சொன்ன அந்தப் பதில்: "மேலயும் மேகம், கீழயும் மேகம். கவர்மெண்டு எந்தப் பக்கம் இருக்குன்னு தம்பியவே கொஞ்சம் காட்டச் சொல்லு."

பக்கத்து நிரை

பரமேஸ்வரி அடுத்த தோட்டத்துப் பெண், என் வகுப்புதான். அந்த விடுமுறையில் துறையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. அவள் ஒரு பாடத்தில் தவறிவிட்டாள். மறுதேர்வுக்கான விண்ணப்பப் பாரம் அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். கடிதம் என் கைக்குக் கிடைத்ததே வியாழக்கிழமை.

இரண்டு மலை தாண்டிப் போனேன். அவள் கூடையோடு தேயிலைச் செடி நிரையில் நின்றாள். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டு வேறு பேச்சு பேசினாள். அப்போது மூட்டம் இறங்கி எல்லாவற்றையும் மூடியது. அவள் முகம் மறைந்து கூடையின் விளிம்பு மட்டும் தெரிந்தது. முகம் தெரியாததால்தானோ என்னவோ, வாய் திறந்தாள்.

"எல்லாம் தெரியும்டி. இங்கிலீஷ்ல படிச்சத மலாயில எழுதணும்ல, ஒரு வார்த்தை வரல. பேனாவ மூடி வச்சிட்டேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. தோட்டத்துலயே மொத பொண்ணுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காரு."

மூட்டத்தின் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல்: "பாரம் எங்கம்மா இருக்கு?"

அடுத்த நிரையில் அவள் அப்பா செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு நின்றிருந்திருக்கிறார். அவள் அழவில்லை, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். மூவரும் தோட்டத்து ஆபீசுக்கு இறங்கினோம். அவர் அங்கே கணக்கெழுதும் கிராணியிடம் ஒருமுறைதான் கேட்டார். டெலிபோனை எங்கள் பக்கம் தள்ளிவிட்டார் கிராணி. போனில் விரிவுரையாளர் அவள் பெயரைக் குறித்துக்கொண்டு, பாரம் பின்னால் வரட்டும் என்றார். அந்த மாதம் முழுக்க நானும் அவளும் தேயிலைக்கு நடுவே நடந்து நடந்து மலாயில் கேள்வி பதில் சொல்லிப் பார்த்தோம். பரீட்சை தேறி, என்னோடுதான் பட்டம் வாங்கினாள்.

டெலிபோன் பேசிய அன்று, ஆபீஸ் படியில் அவள் அப்பாவிடம், கோபப்படாதீங்க மாமா என்றேன். அவர் கத்தியைத் துடைத்தபடி சொன்னார்: "பெயிலானதுக்கு எனக்கென்னம்மா கோவம். இத்தன நாளா பக்கத்து நிரையிலயே நின்னுகிட்டு ஒரு வார்த்தை சொல்லலையே, அதுதான்."

கியா பார்ம்காரன்

எல்லோரையும் படிப்புக்குத் திருப்பி அழைத்து வந்துவிடவில்லை. என் வகுப்பு லியோங்கின் குடும்பத்துக்கு, எங்கள் மலையிலேயே கியா பார்மில் முட்டைக்கோஸ் தோட்டம். எங்கள் ஆட்களோடு பழகித் தமிழ் சரளமாகப் பேசுவான். கடைசி வருஷம் படிப்பை விடப்போகிறேன் என்று வந்து நின்றான். பிரிஞ்சாங் சந்தையில் ஒரு பகல் முழுக்க அவனிடம் வாதாடினேன். வகுப்பில் அரசியல் தத்துவத்தில் அவன்தான் கெட்டி. அவனோ பூ வளர்க்கணும் என்றான். கண்ணாடிக் கூரை, உள்ளே வரிசை வரிசையாகச் சாமந்தி, மேலே மழைச் சத்தம் என்று அவன் சொல்லச் சொல்ல எனக்கே அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. கடைசியில் தோற்றேன்.

பஸ் ஏறும்போது சொன்னான்: "நீ நல்லா பேசின லா. நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். யாராச்சும் ஒருத்தர் வேணாம்னு சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு, அதான் வந்தேன்."

மூன்று வருஷப் பிரதிநிதி வேலையில் நான் பெரிதாகப் பேசி ஜெயித்தது எதுவும் இல்லை. பாதி நேரம் கூடவே நடந்தேன், மீதி நேரம் மூட்டத்தில் கூடவே நின்றேன்.