கதவு திறந்த இடத்தில்

டயாலிசிஸ் பிரிவில் அவளுக்குப் பதினோரு வருடம். நோயாளிகளுக்கு அவள் ஊசியக்கா. பையில் எப்போதும் ஒரு புது நாவல் இருக்கும்.

"இதுல யாருக்குக் கல்யாணம் ஆகுது, யாரு சாகறா, அதையாவது சொல்லேன்" என்பாள் தங்கை. யாருக்கும் ஆகாது, யாரும் சாகமாட்டார்கள் என்றால் சிரிப்பாள். "அப்புறம் எதுக்குக்கா அச்சடிச்சாங்க?"

ஊசியக்காவிடம் கதை கேட்ட ஒரே ஆள் மூன்றாம் கட்டில் டிரைவர். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவருக்கு ஊசியைக் கண்டால் ஆகாது. கையை இழுப்பார், நரம்பு தப்பும், வீங்கிவிடும். ஒருநாள் படித்துக்கொண்டிருந்த நாவலைச் சொல்லிக்கொண்டே குத்தினாள். கை அசையவில்லை. அதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி, ஊசிக்கு முன் ஓர் அத்தியாயம்.

இந்த முறை, வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒருத்தியின் கதை. பெட்டி கட்டுவதற்கே நாற்பது பக்கம். கடைசியில் நிறுத்தத்தில் நிற்கிறாள். பேருந்து வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. நாவல் முடிகிறது. அந்த வரியைப் படித்த அன்று, குழாயடியில் வைத்த வாளி நிரம்பி வழிந்து தங்கை வந்து கத்தும்வரை ஊசியக்கா எழுந்திருக்கவில்லை.

செவ்வாயன்று அப்படியே சொன்னாள்.

"ஏறினாளா?" என்றார் டிரைவர்.

"கதை அவ்வளவுதாண்ணே."

"அவ்வளவுதான்னா? வண்டி நிக்குது, கதவு தொறந்திருக்கு. ஏறினாளா இல்லையா?"

"சொல்லாம விட்டதுதான் அழகு."

"அழகா? பின்னாடி நாலு வண்டி ஹார்ன் அடிப்பான். ஓட்டறவனுக்குத்தான் தெரியும் அந்த அழகு."

கையை இழுத்தார். மூன்று முறை குத்த வேண்டியதாயிற்று.

வியாழன் அவர் வரவில்லை. போன் செய்தாள். "கை வலிக்குதாம். சின்னப்பிள்ளை மாதிரி அடம்" என்றாள் அவர் மனைவி. "நீங்களே ஏதாவது சொல்லிப் பாருங்கம்மா."

சனிக்கிழமை மனைவி பிடித்து இழுத்துவராத குறையாக வந்தார். முகம் உப்பியிருந்தது. மூச்சு வாங்கியது. கையைப் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"சொல்லும்மா. ஏறினாளா?"

புத்தகத்தில் இல்லாததை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். நீர் கோத்த காலில் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"ஏறிட்டா."

"முன்கதவா, பின்கதவா?"

"முன்கதவு."

"டிரைவரைப் பாத்தாளா?"

"பாத்தா. போலாம்னு சொன்னா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கை வெளியே வந்தது. ஊசி முதல் குத்திலேயே இறங்கியது.

"இதை அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

அவள் ஒட்டுப்பட்டையைத் தேவைக்கு மேல் அழுத்தி ஒட்டினாள்.

சாப்பாட்டு இடைவேளையில் நாவலின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. வரி அங்கேதான் முடிந்திருந்தது. அதற்குள் அந்தப் பெண் முன்கதவில் ஏறிவிட்டாள். மறுபடி படித்தாள். மறுபடியும் ஏறிவிட்டாள்.